லீவ் லெட்டரோடு நின்றுபோன பாடம்: வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு அலுவலக நாகரிகத்தை யார் சொல்லித்தருவது?

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. லீவ் லெட்டர். "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." வயிற்று வலி என்றாலும் காகிதத்தில் காய்ச்சல்தான். அக்கா கல்யாணம் என்றாலும் காய்ச்சல்தான். கடைசியில் தவறாமல் ஒரு வரி: "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

யோசித்துப் பார்த்தால், அலுவலகக் கடிதம் என்று நம் பிள்ளைகள் பலர் கையால் எழுதிப் பழகியது இது ஒன்றைத்தான். அதற்குள் இரண்டு பாடங்கள் ஒளிந்திருக்கின்றன. உண்மையான காரணத்தைச் சொல்லாதே. சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இரு.

இந்த இரண்டையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரு பெண், திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிகிரி முடித்து, சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் முதல் பட்டதாரி. ஞாயிறு சாயங்காலம் கிளாம்பாக்கம் பஸ்ஸில் ஏறி, திங்கள் காலை ஆபீஸில் உட்கார்கிறார். டீம் லீட் ஒரு வேலை தருகிறார். வெள்ளிக்குள் முடிக்க வேண்டும்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

பாதி புரியவில்லை. ஆனால் திரும்பக் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். செவ்வாய்க்கிழமை யூடியூபில் தேடுகிறார். புதன்கிழமை காலேஜ் தோழிக்கு போன் போடுகிறார். வியாழன் லீட் வந்து கேட்கிறார். "எப்படிப் போகுது?" "போயிட்டிருக்கு சார்." வெள்ளி மாலை ஆறு மணிக்குக் குரல் உடைந்து, "சாரி சார், முடியல."

லீட்டுக்குக் கோபம் வருவது வேலை முடியாததால் இல்லை. திங்கட்கிழமையே வாய் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் சிக்கல் அது. இப்போது வாடிக்கையாளருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அடுத்த மதிப்பீட்டில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி எழுதப்படுகிறது: 'கம்யூனிகேஷன் சரியில்லை.' அதைப் படித்த அவர், தன் இங்கிலீஷ்தான் சரியில்லை என்று நினைத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டுகிறார். நோய் ஒன்று, மருந்து வேறு.

என் வாதம் இதுதான். நம் கல்லூரிகள் மரியாதை என்ற பெயரில் மௌனத்தைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. டிஜிட்டல் வேலையிலோ, தன் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பதுதான் பெரிய மரியாதைக் குறைவு. அலுவலக நாகரிகம் என்ற பாடம் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். டை கட்டச் சொல்லித்தருவதற்கு அதெல்லாம் அப்புறம்.

அலுவலக நாகரிகம் என்றால் என்ன?

'பிசினஸ் எட்டிகெட்' என்றதும் கோட், ஷூ, கைகுலுக்கல், ஸ்பூன் பிடிக்கும் முறை என்று மனசில் ஒரு படம் ஓடும். அது பழைய படம். இன்றைய வேலையில் அதன் பொருள் எளிமையானது: கூட வேலை செய்பவரின் நேரத்தையும் நிம்மதியையும் வீணாக்காமல் இருப்பது.

நேரில் வேலை செய்யும்போது முகம் பேசும். நீங்கள் திணறுவதைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்து, "என்னாச்சு?" என்று கேட்பார். வீட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ வேலை செய்யும்போது உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. நீங்கள் அனுப்பும் இரண்டு வரிதான் உங்கள் முகம். அந்த இரண்டு வரியும் வரவில்லை என்றால், நீங்கள் ராத்திரி பகலாக உழைத்தாலும் அங்கே ஆளில்லை என்றுதான் கணக்கு.

ஏன் விழுப்புரம், திண்டிவனம்?

சென்னையில் அப்பாவோ அம்மாவோ அலுவலகத்தில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஹாலில் அப்பா ஆபீஸ் கால் பேசுவதைக் கேட்டே வளர்கிறது. "நாளைக்குள்ள முடியாது, புதன்கிழமை தர்றேன்" என்று அம்மா மேலதிகாரியிடம் சொல்வது அதன் காதில் விழுகிறது. முடியாது என்று மரியாதையாகச் சொல்லலாம் என்பதை அது புத்தகத்தில் படிக்கவில்லை.

விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் என்று இரண்டு ஊரிலும் படிப்புக்கு இடம் இருக்கிறது. அங்கே வருபவர்களில் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரி வாசல் வரை வர வழி பிறந்திருக்கிறது. அலுவலக வாசலைத் தாண்டியதும் வேறு விதிகள். அவை எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேலையும் இப்போது ஊரைத் தேடி வருகிறது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் சுமார் 63,000 சதுர அடியில் கட்டப்பட்ட மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டம் என்றாலும் இடம் புதுச்சேரிக்குத்தான் பக்கம். கட்டடம் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்குள் பேசப்படும் மொழியும் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வர வேண்டாமா?

இப்போது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்பது அதன் இலக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் 'ஜீவன் கௌஷல்' என்ற வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தை இளநிலை மாணவர்களுக்காக வெளியிட்டது. தகவல் தொடர்பு, தொழில்முறைத் திறன், தலைமைத்துவம், மனித விழுமியங்கள் என்று அதில் நான்கு பகுதிகள்.

ஆக, தாளில் பாடம் இருக்கிறது. வகுப்பில் அது எப்படி இறங்குகிறது என்பதுதான் கேள்வி. பல இடங்களில் நடப்பது இதுதான்: கடைசி வருடம், பிளேஸ்மென்ட்டுக்கு முந்தைய வாரம், வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார். இரண்டு நாள். நிமிர்ந்து உட்காரு, சிரித்த முகமாக இரு, 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் இதை மனப்பாடமாகச் சொல்லு. மூன்றாம் நாள் எல்லாம் மறந்துபோகிறது. நீச்சலைக் கரும்பலகையில் வரைந்து காட்டியது போல.

அந்த இரண்டு நாள் பயிற்சி இன்டர்வியூ அறைக்குள் நுழைவதற்கானது. உள்ளே போனபிறகு வரும் முதல் ஆறு மாதத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் எதைக் கற்றுத்தர வேண்டும்?

பெரிய பட்டியல் வேண்டாம். ஆறு பழக்கங்கள் போதும்.

1. சந்தேகம் கேட்பது. "சார், புரியல" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "இது வரைக்கும் பண்ணிட்டேன். இந்த இடத்துல நிக்குது. இந்த ரெண்டு வழி முயற்சி பண்ணேன், வரல. பத்து நிமிஷம் கிடைக்குமா?" நான்கே வரி. இதில் உழைப்பும் தெரிகிறது, சிக்கலும் தெரிகிறது, அடுத்தவர் நேரத்துக்கு மரியாதையும் தெரிகிறது. அரை நாள் முட்டிப் பார், வரவில்லையென்றால் கேள் என்று ஒரு கணக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

2. தாமதத்தை முன்கூட்டியே சொல்வது. வெள்ளிக்கிழமை முடியாது என்பது புதன்கிழமையே தெரிந்துவிட்டால், புதன்கிழமையே சொல்லிவிட வேண்டும். கெட்ட சேதி சீக்கிரம் வந்தால் அது தகவல். கடைசி நிமிடத்தில் வந்தால் அதுவே நெருக்கடி. லீவ் கேட்பதும் இப்படித்தான். அக்கா கல்யாணம் என்றால் கல்யாணம் என்றே சொல்லலாம், காய்ச்சலைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு மாதம் முன்பே சொன்னால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

3. மின்னஞ்சலும் பெயரும். தலைப்புக் கட்டம் காலியாக, உள்ளே ஒரு வரியும் இல்லாமல், பயோடேட்டா மட்டும் தொங்கிக்கொண்டு போகும் மெயிலைத் திறப்பவர் என்ன செய்வார்? தலைப்பில் விஷயம், முதல் வரியில் நீங்கள் யார், இரண்டாவது வரியில் என்ன வேண்டும், கடைசியில் பெயரும் எண்ணும். ஸ்கூலில் விளையாட்டாக உருவாக்கிய மெயில் ஐடியை மாற்றிவிடுங்கள். அனுப்பிய பிறகு தப்பு கண்ணில் பட்டால், ஜிமெயிலில் 30 விநாடி வரை திரும்ப இழுக்க வசதி இருக்கிறது. அதை அமைப்புகளில் போய் மாற்றிவைக்க வேண்டும்.

பெயரிலும் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எஸ். கார்த்திகா என்று எழுதும் பெண், ஆன்லைன் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தைப் பார்க்கிறார். இனிஷியல்தானே முதலில் வரும் என்று, முதல் கட்டத்தில் செல்வம் என்று அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார். அதன்பிறகு எல்லா மெயிலும் 'ஹாய் செல்வம்' என்றே வருகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, படிவத்தில் ஒரு மாதிரி என்று பெயர் இருந்தால், வேலையில் சேரும் நேரத்தில் ஆவணச் சரிபார்ப்பில் அலைய வேண்டியிருக்கும். ஒரு வகுப்பு நேரத்தை இதற்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

4. சாட்டும் காலும். "ஹாய் சார்" என்று போட்டுவிட்டு, அவர் "சொல்லுங்க" என்று சொல்லும் வரை காத்திருப்பது நம் ஊர்ப் பணிவு. வேலையில் அது அவருடைய நேரத்தை இரண்டு முறை எடுப்பது. வணக்கமும் விஷயமும் ஒரே மெசேஜில் போகட்டும். மீட்டிங் என்றால் இரண்டு நிமிடம் முன்பே வாருங்கள், பேசாத நேரத்தில் மைக்கை அணைத்து வையுங்கள். பின்னால் மிக்ஸி ஓடும், தெருவில் மைக் செட் பாடும். ஒற்றை அறை வீட்டில் அது தவறே இல்லை. "வீட்டுல கொஞ்சம் சத்தமா இருக்கு, மைக்கை ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், சாட்ல பதில் சொல்றேன்" என்று ஒரு வரி போட்டால் போதும். நெட் வேகம் குறைவு என்றால் கேமராவை அணைக்கும் முன் சொல்லிவிட்டு அணையுங்கள்.

5. எப்படிக் கூப்பிடுவது. கல்லூரியில் சீனியர் என்றால் அண்ணா, அக்கா. வாத்தியார் என்றால் சார், மேடம். பல ஐடி நிறுவனங்களில் மேனேஜரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்ல நாக்கு வருமா? முதல் மாதம் வராது. அது இயல்பு. இதற்கு ஒரே விதி: அந்த டீமில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. தெரியாவிட்டால், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று நேராகக் கேட்டுவிடலாம். பெயர் சொல்வதால் மரியாதை குறையாது. சார் என்று சொல்லிக்கொண்டே வேலையை மறைப்பதால்தான் குறையும்.

6. எல்லை தெரிந்திருப்பது. அலுவலகத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. வாடிக்கையாளரின் விவரம் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது. இது ஒரு பக்கம். உங்களுக்கும் எல்லை உண்டு என்பது இன்னொரு பக்கம். வேலை தருகிறேன், ஆஃபர் லெட்டருக்கு முன்பணம் கட்டு என்று கேட்டால் அது வேலையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். மேலதிகாரி நடுராத்திரியில் அனுப்பும் தவறான மெசேஜுக்குப் பணிவோடு பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-லிருந்து இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணும் அங்கே புகார் கொடுக்கலாம்.

இந்த ஆறாவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. கீழ்ப்படிதலை மட்டுமே மரியாதையாகக் கற்ற பெண், சந்தேகம் கேட்கும் இடத்தில் மட்டும் வாய் மூடி இருப்பதில்லை. தனக்குத் தவறு நடக்கும் இடத்திலும் அப்படியேதான் இருக்கிறாள்.

இது நகரத்து நடையை நம் பிள்ளைகள் மேல் திணிப்பது ஆகாதா?

நியாயமான கேள்வி. அலுவலக நாகரிகம் என்ற பெயரில் உச்சரிப்பைக் கிண்டல் செய்வது, உடையைப் பார்ப்பது, ஊர்ப் பேச்சை மாற்றச் சொல்வது எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. பாடம் அந்தப் பக்கம் சாய்ந்தால் அது பாடமே இல்லை, அவமானம். கூனிக்குறுகி வரும் பிள்ளையை அது இன்னும் குறுக வைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், இதைத் தமிழில் கற்றுத்தர வேண்டும். மேலே உள்ள ஆறில் எதற்குமே ஆங்கிலம் மூலப்பொருள் கிடையாது. தாமதத்தை முன்பே சொல்லும் பழக்கம் தமிழில் வந்துவிட்டால், ஆங்கில வாக்கியம் இரண்டு வாரத்தில் வந்துவிடும். ஜோஹோ நிறுவனம் 2005 முதல் பள்ளிப் படிப்பு, டிப்ளமோ முடித்தவர்களைத் தன் சொந்தப் பள்ளியில் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துவருகிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. மென்பொருள் வேலைக்கு நகரத்து நடை அவசியமில்லை என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சாட்சி.

"மெயில் எழுதத்தான் ஏஐ இருக்கே" என்று இன்னொரு வாதம் வரும். உண்மைதான். மெயிலை அது நம்மைவிட அழகாக எழுதித் தரும். ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் நீங்கள் திணறிக்கொண்டிருப்பதை அது உங்கள் லீட்டிடம் போய்ச் சொல்லாது. சொல்வதா வேண்டாமா என்ற முடிவு உங்களுடையது. அதற்கு வேண்டியது தைரியம், வார்த்தை அப்புறம்.

கடைசியாக ஒன்று. நாகரிகம் ஒருவழிப் பாதை இல்லை. இன்டர்வியூவுக்கு விழுப்புரத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த பிள்ளையை மாலை வரை உட்காரவைத்துவிட்டு, தேர்வானதா இல்லையா என்று ஒரு வரிகூட அனுப்பாத நிறுவனத்துக்கும் இந்தப் பாடம் தேவைதான். 'கம்யூனிகேஷன் சரியில்லை' என்று எழுதும் முன், "புரிஞ்சுதா?" என்பதற்குப் பதிலாக "எது புரியல?" என்று கேட்டிருக்கலாமே?

நாளைக்கே தொடங்கலாம்

இதற்குப் புதுத் துறை வேண்டாம், நிதி வேண்டாம். இறுதியாண்டு புராஜெக்ட் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. வாரம் ஒருமுறை மாணவர் தன் வழிகாட்டிக்கு மூன்று வரி மெயில் அனுப்ப வேண்டும் என்று வைத்துவிடலாம்: முடிந்தது என்ன, நின்றுபோனது எது, அடுத்து என்ன. ஆசிரியர் ஒரு வரி பதில் போட வேண்டும். பதினைந்து வாரம் இப்படிப் போனால் அது பழக்கமாகிவிடும். முதல் ஆண்டிலேயே தொடங்கினால் இன்னும் நல்லது.

முன்னாள் மாணவர்களையும் கூப்பிடலாம். கிளாம்பாக்கத்திலிருந்து சனிக்கிழமை ஊர் திரும்பும் அண்ணன்மார், அக்காமார் எத்தனை பேர். ஒரு மணி நேரம் வந்து, தாங்கள் ஆபீஸில் சொதப்பிய கதையைச் சொன்னால் போதும். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரின் பவர்பாயின்ட் தராத நம்பிக்கையை அது தரும்.

மூன்றாவது வேலை ஆசிரியர்களுக்கு. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து சந்தேகம் கேட்கும்போது, "இதுகூடத் தெரியாதா, உட்காரு" என்ற வாக்கியத்தை விட்டுவிட வேண்டும். அலுவலகத்தில் அவர் வாய் திறப்பாரா மாட்டாரா என்பது அந்த நிமிடத்தில்தான் முடிவாகிறது. எத்தனை ஜீவன் கௌஷல் வந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தை அழிக்க முடியாது.

லீவ் லெட்டரில் இருந்தும் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடலாம். "இப்படிக்கு, கார்த்திகா, பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு" என்றால் போதாதா? காரணத்தையும் உள்ளபடியே எழுதட்டும். உண்மையை எழுதினால் லீவு கிடைக்கும் என்று கல்லூரியிலேயே ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை, ஆபீஸில் திங்கட்கிழமையே சொல்லிவிடும்: "சார், பாதிதான் புரிஞ்சுது."